ஒட்டாருவில் எட்டே இருக்கை கொண்ட சுஷிக் கடை

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், தலைநகர் சப்போரோவிலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம் போனால் ஒட்டாரு வரும். ஏறும்போதே வலதுபக்க ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடுங்கள். பாதி வழியைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை உரசிக்கொண்டே ஓடும். நாங்கள் போனது பிப்ரவரி மாதம். ஒரு பக்கம் பனி மூடிய குன்றுகள், மறுபக்கம் ஈயம் போன்ற சாம்பல் நிறக் கடல்.

ஒரு காலத்தில் வடக்கு ஜப்பானின் பணம் புரண்ட துறைமுகம் இது. ஹொக்கைடோவின் முதல் ரயில் 1880-ல் இங்கிருந்துதான் சப்போரோவுக்கு ஓடியது. வங்கிகள் வரிசையாக வந்தன. டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்த தத்சுனோ கிங்கோ வடிவமைத்து, 1912-ல் கட்டி முடித்த ஜப்பான் வங்கிக் கிளை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. சரக்கு இறக்க 1923-ல் வெட்டி முடித்த கால்வாய் பிறகு பயனற்றுப் போக, மொத்தமாக மூடிச் சாலை போட்டுவிடலாம் என்றது நிர்வாகம். ஊர் மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் பாதி அகலம் சாலையானது, பாதி தப்பித்தது. அந்தத் தப்பித்த பாதிதான் இப்போது நாம் பார்க்கும் எல்லாப் புகைப்படங்களிலும் இருக்கிறது.

இப்போது ஊரின் பிழைப்பு பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களை நம்பித்தான். கண்ணாடிப் பொருள்கள், சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டிகள், பிறகு சுஷி. சுஷிக் கடைகளுக்கென்றே தனியாக ஒரு தெரு இருக்கிறது. பெரிய கடைகளின் வாசலில் பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி உணவு, நான்கு மொழிகளில் பட்டியல், சோற்றுக் கிண்ணத்தின் மேல் மலைபோல் குவித்த கடல் முள்ளெலி. பார்க்க அழகுதான். ஆனால் இந்தக் கடற்கரையின் புகழ்பெற்ற முள்ளெலிக்குப் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பனி கொட்டும் பிப்ரவரியில் கிண்ணத்தில் இருப்பது வேறு எங்கிருந்தோ வந்தது. சூரையும் சால்மனும் ஜப்பானில் எந்த ஊரிலும் கிடைக்கும். இவ்வளவு தூரம் வந்து அதையே சாப்பிட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

சப்போரோவில் படிக்கும் எங்கள் மகன் அதற்குத்தான் ஒரு சின்னக் கடையைப் பிடித்தான். முக்கியத் தெருவிலிருந்து விலகி, இரண்டு வீடுகளுக்கு நடுவில், வாசலில் ஒரு துணித்திரை மட்டும் தொங்கும் கடை. மொத்தம் எட்டு இருக்கைகள். அறுபது வயது மதிக்கத்தக்க கடைக்காரர் சுஷி பிடிக்கிறார். அவர் மனைவி தேநீர் ஊற்றி, பாத்திரம் கழுவி, கணக்குப் பார்க்கிறார். வேறு ஆள் இல்லை.

என் மனைவிதான் தயங்கினாள். அவள் முட்டை சாப்பிடுவாள். மீன், கறி கிடையாது.

"என்னங்க, நான் ரூம்லயே இருந்துக்கிறேன். இருக்கிறதே எட்டு சீட்டு. அதுல ஒண்ணை வெள்ளரிக்காய் திங்கிறதுக்கா பிடிச்சு வைக்கிறது?"

"அம்மா, நான் போன்லயே சொல்லிட்டேன். யோசிச்சுட்டு வரச் சொல்லிட்டார்" என்றான் மகன்.

யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட கடையில் காலையில் வாங்கும் மீனும் வடிக்கும் சோறும் எட்டுப் பேர் கணக்கில்தான். ஒருவர் வராமல் போனால் நேரடி நஷ்டம். மீன் சாப்பிடாத ஒருவர் வந்தால் அவருக்கென்று தனியாகத் திட்டமிட வேண்டும். சில கடைகள் முடியாது என்று பணிவாக மறுத்துவிடும். அதில் தவறில்லை. இவரோ தொலைபேசியிலேயே மூன்று கேள்விகள் கேட்டாராம். முட்டை ஆகுமா? மீன் வெட்டும் அதே பலகை ஆகுமா? தாஷி ஆகுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சைவர்கள் ஜப்பானில் சறுக்குவது இங்கேதான். தாஷி என்பது சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவிய துருவலும் கடற்பாசியும் போட்டு எடுக்கும் சாறு. தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், அதற்குச் சொந்தக்காரன் மாதிரி. மீன் துண்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாத பதார்த்தங்களிலும் இந்தச் சாறு ஒளிந்திருக்கும். சூப்பில் இருக்கும். இனிப்பாக வேகவைத்த சுரைக்காய் வற்றலில், சுஷிக் கடைகளின் தித்திப்பு முட்டைப் பணியாரத்தில், பெரும்பாலும் இருக்கும். "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மீன் சாறும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தோம். சூடான ஈரத்துணி வந்தது, கை துடைக்க. பிறகு, பிடித்தால் சுடும் பெரிய கோப்பையில் பச்சைத் தேநீர். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் இரண்டடி தூரம்கூட இல்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரவேண்டாம் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். ஏன் என்று அப்போது புரிந்தது. அந்த அறையில் வினிகர் கலந்த சோற்றின் மணம் தவிர வேறு எதுவும் இல்லை.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்களைக் கேட்டால் சோறு என்பார்கள். ஆதியில் இது ஊறுகாய் வகை. உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் தின்றார்கள். பிறகு அந்தப் புளிப்புக்கு வினிகர் வந்தது. சோறும் தப்பித்தது. 1820-களில் எடோ, அதாவது இன்றைய டோக்கியோவில், கைப்பிடிச் சோற்றின் மேல் மீன் வைத்துத் தெருவோரத்தில் விற்க ஆரம்பித்தார்கள். அவசரக்காரர்களின் தெருத் தீனி. அதனால்தான் இன்றும் இதைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முழு மரியாதைக்கு உரிய முறை. குச்சி பிடிக்கத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஒரு இடத்தில் நம் பழக்கமே போதும்.

அவர் கையை வினிகர் தண்ணீரில் தொட்டு, தட்டி, சோற்றை எடுத்து இரண்டு மூன்று அசைவில் உருட்டி வைத்தார். சோறு உடம்புச் சூட்டில் இருந்தது. வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. முதலில் தட்டை மீன், அடுத்து ஆக்டோபஸ், பிறகு சிப்பி. ஒவ்வொன்றாகத்தான் வரும். வைத்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஒரு வெளிநாட்டு இளைஞர் ஒரே துண்டை ஏழெட்டுக் கோணங்களில் எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் முகம் மாறவில்லை. ஆனால் அடுத்த துண்டைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஐந்தாவதாக வந்தது நான் தேடி வந்தது. வெள்ளி மின்னும் தோல், அதில் மயிரிழை போல் நெருக்கமான கத்திக் கீறல்கள், மேலே துளி இஞ்சியும் பச்சை வெங்காயத்தாளும்.

"நிஷின்" என்றார்.

ஹெர்ரிங் மீன். நம்ம ஊர் மத்திக்கு நெருங்கிய உறவு. மத்தி போலவே கொழுப்பு, மத்தி போலவே முள். அந்த முள்ளுக்காகத்தான் அத்தனை கீறல். லேசாக உப்பிட்டு, வினிகரில் நனைத்து எடுத்திருந்தார். நாக்கில் எண்ணெய் போல் கரைந்தது.

ஒட்டாருவின் வங்கிகளுக்கும் மாளிகைகளுக்கும் பின்னால் இந்த மீனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897-ல் ஹொக்கைடோ முழுவதும் பிடித்த ஹெர்ரிங் 10 லட்சம் டன்னை நெருங்கியது. இதில் வாய்க்குப் போனது கொஞ்சம்தான். பெரும்பகுதியைக் கொப்பரையில் வேகவைத்து, பிழிந்து, காயவைத்து உரமாகக் கப்பலேற்றினார்கள். மேற்கு ஜப்பானின் பருத்தியும் அவுரியும் அதைத் தின்று வளர்ந்தன. முட்டையிடும் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும்போது, ஆண் மீன்கள் விடும் விந்தில் கடலே பால் போல வெளுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் படகுகள் கிளம்பும். 1950-களின் நடுவில் அது நின்றுபோனது. கடல் வெளுக்கவில்லை. மீன் வரவில்லை.

1990-களில் இருந்து ஹெர்ரிங் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். குட்டி மீன் சிக்காதபடி வலைக்கண்ணைப் பெரிதாக்கினார்கள். சமீப வருடங்களில் குளிர்காலத்தின் சில காலைகளில் ஒட்டாரு கரையோரம் மறுபடியும் வெளுக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மீன் கடைக்கு வருகிறது. பெரிய கடைகளின் நான்கு மொழிப் பட்டியல்களில் நான் தேடிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கேட்பவர்கள் குறைவு போலும்.

"இந்த வருஷம் எப்படி?" என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

"என் தாத்தா இதை உரமாக்கினார். நான் ஒவ்வொன்றாக முள்ளெடுக்கிறேன்" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு நம் சந்தை மீனை வீட்டில் பச்சையாக முயன்று பார்க்காதீர்கள். கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறையவைத்தால்தான் அது சாகும், வினிகருக்கு மசியாது. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் சால்மனைப் பனியில் உறையவைத்தே தின்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மனைவிக்குத் தனி வரிசை ஓடிக்கொண்டிருந்தது. பலகையைக் கழுவி, வேறு கத்தி எடுத்து, முதலில் வெள்ளரிக்காய் சுருள். பிறகு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். பிறகு உப்பில் ஊறிய உமே காயும் ஷிசோ இலையும். எங்களுக்கு ஒரு துண்டு வரும்போது அவளுக்கும் ஒன்று. ஒரு முறைகூட அவள் தட்டு காலியாக இருந்து எங்கள் வாயைப் பார்க்கும்படி விடவில்லை. இஞ்சிச் சீவலை அவள் கேட்டுக் கேட்டுத் தின்றாள். அவர் மனைவி இரண்டாம் முறை கிண்ணத்தையே வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக முட்டை. எனக்கும் மகனுக்கும் மஞ்சள் செங்கல் போன்ற தித்திப்புத் துண்டு. அவள் தட்டில் வைக்கவில்லை. அவள் ஆசையாகப் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். மகனிடம் நிதானமாக ஏதோ சொன்னார்.

"அம்மா, இதுல மீன் சாறு இருக்காம். பார்த்தா தெரியாது, ருசியிலயும் தெரியாதாம். ஆனா நீ கேட்டிருக்கேன்னு வைக்கலையாம்."

பிறகு அவர் மனைவி உள்ளே போய், சாறு சேர்க்காமல் உப்பும் சர்க்கரையும் மட்டும் போட்டுச் சுருட்டிய முட்டையைக் கொண்டு வந்தார். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்த அம்மா பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. என் மனைவி சிரித்துவிட்டாள்.

பத்துத் துண்டுகளுக்குத் தலைக்கு 3,500 யென். நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாய். மனைவிக்கு 1,500 மட்டும். ஜப்பானில் டிப்ஸ் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் "கோச்சிசோசமா தெஷ்தா" என்று சொல்லி எழுந்தால் போதும். போகிறவர்கள் தங்கும் விடுதியில் சொல்லி முந்தின நாளே பதிவு செய்துவிடுங்கள். வர முடியாவிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சோறு தீர்ந்ததும் கடையை மூடிவிடுவார்கள். அன்று 1.40-க்கே அந்த அம்மா வாசலுக்கு வந்து, துணித்திரையைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார்.