எடைக் கருவி வந்த கதை

சதுரங்கப்பட்டினம் என்றாலே டச்சுக் கோட்டையைப் பற்றி எழுதுவது நம் பள்ளி மலரின் வழக்கம். கோட்டை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஆகவே இம்முறை நாங்கள் அங்கன்வாடியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்குச் சத்துணவு தருவதோடு, எடை பார்த்துப் பதிவதும் அதன் பணி. குழந்தை மெலிவது நம் கண்ணுக்குப் படுமுன்னே ஏறாத எடை அதைச் சொல்லிவிடும்.

காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நாங்கள் சென்ற கடலோரக் குப்பத்தில், எடைக் கருவி பழுதாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பதிவேட்டில் நான்கு மாதக் கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. பணியாளர் அக்கா மேலிடத்துக்கு இருமுறை எழுதிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மீன் விற்கும் தாய்மார்களோ, "நம்ம பேச்சை யாரு கண்ணு கேக்குறது?" என்றார்கள்.

கேட்பதற்கென்றே கிராம சபை இருக்கிறதே! தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த அது, 2022 முதல் ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். இராஜஸ்தானில் 1994-இல் கிராம மக்கள் திரண்டு, ஊராட்சி வேலைக் கணக்கைப் பலரறிய வாசிக்கச் செய்தபோது, வேலையே செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளிவந்தது. அப்படி எழுந்த குரல்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. இதை நாங்கள் சொன்னபோது தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வாக்குரிமை இல்லாத நாங்கள் மனு எழுதிக் கொடுத்தோம். சகோதரி அதில் சொற்பிழை மட்டும் திருத்தினார். பதினேழு தாய்மார் கையொப்பமிட்டனர். அக்டோபர் 2 அன்று சபையில் ஒருவர் எழுந்து, நடுங்கும் குரலில் அதை வாசித்தார். "ஆவன செய்யப்படும்" என்று தீர்மான ஏட்டில் எழுதப் போனார்கள். அந்த அம்மா விடவில்லை. "எந்தத் தேதிக்குள்ளன்னு போட்டு எழுதுங்கய்யா" என்றார். எங்களுக்குக்கூட அது தோன்றியிருக்காது!

சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துக் கருவி வந்தது. முதல் நாளே மூன்று குழந்தைகள் எடை குறைந்திருப்பது தெரிந்தது. அதில் ஒரு பெண் குழந்தையை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மறுமாதம் நாங்கள் போனபோது அவள் எடை கால் கிலோ கூடியிருந்தது. இப்போது எடை பார்க்கும் நாளில் தாய்மார்கள் சுற்றி நின்று எண்ணை உரக்கப் படிக்கிறார்கள்.

சமையலறைக் கூரை மட்டும் இன்னும் ஒழுகுகிறது. ஜனவரி 26 கூட்டத்துக்கு அதே அம்மா மனு எழுதி வைத்திருக்கிறார். இம்முறை எங்களிடம் கேட்கவில்லை.