விழுந்தால் பிடிப்பதா, விழவே விடாததா?

செக் மொழியில் 'பாட்' என்றால் விழுதல். இலக்கணத்தில் நாம் வேற்றுமை என்கிறோமே, அதற்கும் அவர்களிடம் அதே 'பாட்'தான்! தமிழில் எட்டு, செக்கில் ஏழு. பள்ளியில் ஏழு 'பாட்'களையும் ஒப்பித்து வளர்ந்த ஒருவர், பிற்பாடு மொழிபெயர்ப்பாளராகி, உயரத்தில் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கருவிகளின் ஆங்கிலக் கையேட்டைச் செக்கில் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

இந்த வேலை ஏன் வருகிறது? செக் குடியரசு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பாதுகாப்புக் கருவியை விற்க வேண்டுமானால், அதைப் பயன்படுத்துபவருக்குப் புரியும் மொழியில் கையேடு கூடவே வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆக, மொழிபெயர்ப்பு இல்லையென்றால் வியாபாரமே இல்லை. கூலியை 'நார்மோஸ்ட்ரானா' கணக்கில் போடுவார்கள். அதாவது இடைவெளியையும் சேர்த்து 1800 எழுத்து ஒரு பக்கம். காலி இடத்துக்கும் காசு உண்டு என்பது நல்ல விஷயம்தான்!

சரி, சொற்களுக்கு வருவோம். முதலில் 'ஹார்னஸ்'. செக் நாட்டில் மணற்பாறை ஏறுபவர்கள் நிறைய. அவர்கள் பேச்சில் இது 'செடாக்'. இடுப்பையும் தொடையையும் மட்டும் சுற்றி வருவது. ஆனால் கட்டட வேலையில் விழுபவரைத் தாங்க மார்பு, தோள் எல்லாம் சேர்ந்த முழு உடல் வார் வேண்டும். அதற்குத் தரநிலை வைத்திருக்கும் பெயர் 'ஸஹிட்சோவட்சீ போஸ்ட்ரோய்'. 'போஸ்ட்ரோய்' என்பது குதிரைக்குப் பூட்டும் சேணத்துக்கும் உள்ள சொல். கேட்க அழகாக இல்லைதான். ஆனாலும் பேச்சு வழக்கில் இருக்கிறதே என்று 'செடாக்' போட்டால், படிப்பவர் தவறான பொருளை வாங்கி மாட்டிக்கொள்வார்.

'லேன்யார்ட்' இன்னொரு வம்பு. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடும் நாடாவும் ஆங்கிலத்தில் லேன்யார்டுதான். சாதாரண அகராதியை நம்பினால் மெல்லிய கயிறு என்று பொருள்படும் 'ஷ்ஞூர்க்கா'தான் கிடைக்கும். உயிரைத் தாங்கும் சாதனத்துக்கு அந்தப் பெயரா? தரநிலையில் இருப்பது 'இணைக்கும் சாதனம்' என்ற பொருளில் இரண்டு நீளமான சொற்கள்.

உண்மையான ஆபத்து வேறு ஒரு ஜோடியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரெஸ்ட்ரெய்ன்ட்' என்றால் விளிம்பு வரைக்கும் ஆளைப் போகவே விடாமல் கயிற்றின் நீளத்தால் நிறுத்துவது. 'அரெஸ்ட்' என்றால் விழுந்தவரைப் பாதியில் பிடிப்பது. செக்கில் முதலாவது 'ஸட்ர்ஜெனீ', இரண்டாவது 'ஸஹிட்செனீ'. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆங்கிலத்தில் போலீஸ் பிடித்தால் 'அரெஸ்ட்'. செக் போலீஸ் ஒருவரைப் பிடித்து வைத்தால் 'ஸட்ர்ஜெனீ'. அந்த நினைப்பில் எழுதினால் இரண்டும் இடம் மாறிவிடும்.

மாறினால் என்ன ஆகும்? இடுப்புப் பட்டை போதுமென்று சொல்லும் பகுதி, விழுபவரைப் பிடிக்கும் பகுதியாகிவிடும். இடுப்புப் பட்டையை நம்பி விழுந்தவரின் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் அந்த உதறலைத் தாங்காது. முழு உடல் வாராகவே இருந்தாலும் கீழே இடம் வேண்டும். கால் மட்டத்தில் கட்டிய 2 மீட்டர் கயிறு, விசை தாங்கி கிழிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை, வார் கொக்கியிலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர், அதற்குக் கீழே 1 மீட்டர் மிச்சம். கூட்டினால் 6 மீட்டரைத் தாண்டுகிறது. 4 மீட்டர் உயரக் கொட்டகைக் கூரையில் அது பிடிப்பதற்குள் ஆள் தரையைத் தொட்டிருப்பார். அங்கே தேவை ஸட்ர்ஜெனீ.

அதனால்தான் விவரம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு, ஈ.என். 358, 361 போன்ற தரநிலைகளின் செக் பதிப்பைத் திறக்கிறார். 'ஃபால் ப்ரொடெக்‌ஷன்' என்று ஆங்கிலத்தில் மொட்டையாக வரும் இடத்தில் இரண்டில் எது என்று அதிலும் தெரியாது. அப்போது வாடிக்கையாளரிடம் கருவியின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு நார்மோஸ்ட்ரானா கணக்கில் கூலி கிடையாது.