மூச்சுக்கு வழி

எங்கள் ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தது என்பதற்கு இம்மண்ணில் கிடைக்கும் சிப்பிப் படிவங்களே சான்று. அக்கடல் விட்டுச்சென்ற கல்லே இன்று சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். ஆகவே எங்கள் சாலைகளில் இரவும் பகலும் லாரிகள் ஓய்வதில்லை. விபத்து என்று கேட்டால் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் அளவுக்கு எங்கள் உள்ளமும் சற்றே கல்லாகிவிட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குச் சென்று வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊரை நெருங்குகையில், நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோட்டார் சைக்கிளுடன் மோதிய இளைஞர் ஒருவர் சாலையோரத்தில் அமர்ந்திருந்தார். உடலில் இரத்தமே இல்லை. "ஒன்றுமில்லை அண்ணே, நெஞ்சுதான் லேசாக வலிக்கிறது" என்றார். நாங்களும் நம்பினோம். குடிக்கத் தண்ணீர் தந்தோம். வலி குறையட்டும் என்று துண்டால் மார்பை இறுகக் கட்டினோம். இரண்டும் தவறு என்று அப்போது அறியோம். சற்று நேரத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. உதடுகள் நீலம் பாய்ந்தன. 108 ஊர்தியில் வந்த உதவியாளர் முதலில் செய்த வேலை, நாங்கள் கட்டிய துண்டை அவிழ்த்ததே!

மருத்துவமனையில் மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். முறிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் கிழித்துவிட்டால், காற்றும் இரத்தமும் மார்புக்கூட்டில் தேங்கி, நுரையீரலை விரியவிடாமல் அமுக்கும். தேங்கும் காற்று மிகுந்துகொண்டே போனால் அது இதயத்தையும் ஒருபுறம் தள்ளி, இரத்தம் இதயத்திற்குத் திரும்பும் வழியையே நெருக்கும். அந்நிலையில் எக்ஸ்ரே படத்திற்குக்கூடக் காத்திராமல், ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெளியே ஒரு கீறலும் இல்லாத மார்புக்குள் மரணம் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அதற்குரிய சிகிச்சையோ மிக எளியது. அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளின் இடைவெளியில் ஒரு குழாயைச் செலுத்தினார்கள். அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. காற்று குமிழிட்டு வெளியேறும். தண்ணீர் தடுப்பதால் திரும்ப உள்ளே புகாது. பாட்டிலை எப்போதும் மார்பைவிடத் தாழ்வாகவே வைத்திருக்க வேண்டும். இவ்வாறு மோதலால் மார்பில் அடிபட்டோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே மார்பைத் திறக்கும் அறுவை தேவைப்படுகிறது. ஏனையோர்க்குக் குழாயும், உயிர்வளியும், வலிநீக்கும் மருந்தும், மூச்சுப் பயிற்சியுமே போதும்.

தம்பி பிழைத்தார். சில நாட்களில் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓர் உயிரைக் காத்தோம் என்ற நிறைவுடன் நாங்கள் அவரை மறந்தே போனோம். பத்து நாட்களுக்குள் அவர் கடும் காய்ச்சலுடன் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். மூச்சை ஆழ இழுத்தால் வலி. இருமினால் உயிரே போகும் வலி. "இருமாதே ராசா" என்று வீட்டார் பரிந்து கூற, அவரும் அடக்கிக்கொண்டார். வெளியேற வேண்டிய சளி உள்ளே தங்கி நுரையீரல் அழற்சியாகிவிட்டது. மார்பைக் கட்டும் வழக்கத்தை மருத்துவம் கைவிட்டதும் இதனால்தானாம். விலா முறிந்தவருக்கு வலிமருந்து தருவது சுகத்திற்காக மட்டுமன்று; அவர் ஆழமாக மூச்சு விடவும், இருமவும் இயல வேண்டும் என்பதற்காகவே. எங்கள் துண்டும் வீட்டாரின் பரிவும் ஒரே தவறைச் செய்தன. அன்பினாலேயே மூச்சை அடைத்தன.

விபத்தில் உதவுவோரைக் காக்கும் சட்டத்தை இன்று நாடெங்கும் 'நல்ல சமாரியர்' என்ற பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்நெறிமுறைகளுக்கு வலுவூட்டியது. 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆகவே அஞ்சி ஒதுங்கக் காரணமில்லை. ஆயினும் ஆண்டவர் கூறிய உவமையில் நாங்கள் மறந்த பகுதி ஒன்று உண்டு. அச்சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடியில் சேர்த்து, இரு தெனாரியம் கொடுத்து, தாம் திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றார். நாங்களோ சாவடிவரை சென்றோம், திரும்பி வரவில்லை.

பிறகேனும் திரும்பினோம். விலா எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும் என்றார்கள். முறைவைத்து நாள்தோறும் ஒருவர் அவருடைய வீட்டுக்குச் சென்றோம். வேளை தவறாமல் மருந்து கொடுத்து, நிமிர்ந்து உட்காரவைத்து, மணிக்கொரு முறை ஆழ மூச்செடுக்கச் செய்வதே எங்கள் பணி. இருமல் வருகையில் ஒரு தலையணையை மடித்து அவர் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வோம். வலி சற்றே தணியும்.

"அடக்காதே தம்பி, நன்றாக இருமு, நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்" என்போம்.

துன்புற்றோரிடம் 'அழாதே, பேசாதே' என்று சொல்லியே பழகிய நாவு எங்களுடையது. அந்த ஆறு வாரங்களில் அது வேறு சொல் கற்றது.