வளருற பிள்ளைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

பனிச்சறுக்கு காசுக்காரர்களின் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். மலைக்குப் போய்வரும் செலவையும் லிஃப்ட் டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் சாமான்கள் வாங்கும் விஷயத்தில் கொஞ்சம் விவரம் இருந்தால், நடுத்தரக் குடும்பத்துக்கும் அது கைக்கு எட்டும். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம் அந்த விவரத்தை ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டது.

பத்து வயது மகளுக்கு ஸ்கீ. பதினைந்து வயது மகனுக்கு ஸ்னோபோர்டு. பள்ளி நண்பர்களோடு போய் இருவருக்கும் ருசி பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மலையடிவாரத்தில் நாள் வாடகைக்கு எடுத்ததில் காசு கரைந்தது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். அப்பாவுக்குக் கிடங்கில் இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. வீட்டுக் கடன் கட்டியது போக மிஞ்சுவது அவ்வளவு இல்லை.

குளிர்காலம் தொடங்கும் முன், இலையுதிர் காலத்தில், அங்கே பனிச்சறுக்குக் கழகங்கள் பழைய சாமான் சந்தை நடத்துகின்றன. 'ஸ்கீ ஸ்வாப்' என்று பெயர். பிள்ளைகள் வளர்ந்ததும் சிறிதாகிப்போனவற்றைப் பெற்றோர் கொண்டுவந்து வைப்பார்கள். விற்ற காசில் ஒரு பங்கு கழகத்துக்குப் போகும். ஓரிரு குளிர்காலம் மட்டுமே உழைத்த சாமான்கள் பாதி விலைக்குக்கூடக் கிடைப்பதுண்டு.

அங்கே அப்பாவின் கை முதலில் போனது ஒரு ஜோடி ஸ்கீ பூட்ஸுக்கு. மகளின் காலைவிட இரண்டு சைஸ் பெரிது.

"வளருற பிள்ளைதானே. மூண்டு வருசத்துக்குக் காணும்."

"இது பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லையப்பா. கால் உள்ளுக்க ஆடினா, ஸ்கீ எப்பிடித் திரும்பும்?" என்று அம்மா மறித்தார்.

அம்மா சொன்னதே சரி. கால் சாயும் அசைவு பூட்ஸ் வழியாகத்தான் பலகைக்குப் போகிறது. பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. சரிவில் பிள்ளையால் நிற்க முடியாது. ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிவிட்டு, வெளிக்கூட்டுக்குள் காலை வைத்து, விரல்கள் முன்பக்கம் லேசாகத் தொடும்படி நிற்க வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம். வளரும் பிள்ளைக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

பக்கத்திலேயே மிக மலிவாக ஒரு ஜோடி ஸ்கீ இருந்தது. அதையும் அம்மா எடுக்கவில்லை. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைப்பது பைண்டிங். விழும்போது அது தக்க நேரத்தில் விடுவிக்காவிட்டால் முழங்காலும் எலும்பும்தான் விலை கொடுக்கும். ரொம்பப் பழைய பைண்டிங் என்றால், தயாரித்த நிறுவனமே அதற்குப் பொறுப்பேற்பதை நிறுத்தியிருக்கும். கடைக்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அப்போது மலிவாக வாங்கிய ஸ்கீ வீட்டு மூலையில்தான் நிற்கும்.

மகளுக்கு வழி வேறொரு கடையில் கிடைத்தது: சீசன் வாடகை. குளிர் தொடங்கும் முன் ஸ்கீ, பூட்ஸ் இரண்டையும் எடுத்து வந்து, வசந்தத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஆண்டு கால் நீளும் பிள்ளைக்கு, வாங்குவதைவிட இது சிக்கனம். எடை, உயரம், வயது, எவ்வளவு பழகியிருக்கிறாள், பூட்ஸின் அடிநீளம் எல்லாம் கேட்டுத்தான் கடைக்காரர் பைண்டிங்கை அமைத்துக் கொடுத்தார்.

மகனின் ஸ்னோபோர்டு மட்டும் சந்தையில் அமைந்தது. அவன் முதலில் எடுத்தது படத்துக்காக. ஆனால் பலகை ஒடுங்கலாக இருந்தது. ஸ்னோபோர்டில் குறுக்காக நிற்பதால், பூட்ஸின் முனை அதிகம் வெளியே நீட்டினால் திரும்பும்போது பனியில் இடறும். கொஞ்சம் அகலமான, படமில்லாத பலகைக்கு அரைமனதோடு சம்மதித்தான். ஓர இரும்பில் மேலோட்டமான துரு இருந்தது, தேய்த்தால் போய்விடும். அடிப்பக்கத்தில் ஆழமான வெட்டும், ஓரத்தில் அடுக்கு பிரிந்த இடமும் இல்லை. அவைதான் முக்கியம்.

குளிருடைகளை எல்லாம் பழைய துணிக் கடையிலேயே எடுத்தார்கள். உள்ளே போட மட்டும் பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் நல்லது.

ஹெல்மெட் இரண்டும் புதியவை. அதில் அப்பாவே பேரம் பேசவில்லை. பலமான அடி ஒன்று வாங்கிய ஹெல்மெட்டின் உட்பக்கம் நசுங்கியிருந்தாலும் வெளியே பார்த்தால் தெரியாது. அது யார் தலையில் இருந்தது, எங்கே மோதியது என்று சந்தையில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

கணக்குப் பார்த்தபோது, போட்ட பட்ஜெட்டில் பாதிக்குச் சற்றுமேல்தான் ஆகியிருந்தது. மிச்சம் லிஃப்ட் டிக்கெட்டுக்கு. படமில்லாத பலகையில் மகன் தானே ஒரு படம் வரைந்துகொண்டான்.