விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்

பணிநீக்கக் கடிதம் நாலே வரி. தாங்கள் வேறு நிறுவனத்தில் வேலை தேடுவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது, ஆகவே தங்கள்மீது நிர்வாகம் நம்பிக்கை இழந்துவிட்டது, இன்று மாலை முதல் தாங்கள் பணியில் இல்லை. அடியில் கையெழுத்தும் கம்பெனி சீலும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு வருடம் மெர்ச்சன்டைசராக இருந்த பெண் அதை என் மேசையில் வைத்தபோது, கூடவே ஒரு பாலிதீன் கவரில் சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"நான் திருடுனனாங்க சார்? வேலை கேட்டுப் போனது குத்தமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

குற்றமில்லை. இருக்கிற வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக நினைப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் எதுவும் கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டி நிறுவனத்துக்கு உழைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் செல்லும் என்று 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்வது போட்டிக் கம்பெனிக்கு உழைப்பதாகாது. அவருடைய நியமனக் கடிதத்தில் இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று தெளிவாக இருந்தது. நோட்டீஸ் கொடுத்திருந்தால் நிர்வாகம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டிய ஒரு காரியத்தை, அவர் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துத் தண்டித்திருந்தார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்த வழக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஊரில் இன்னொரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு அவர் நேர்காணலுக்குப் போயிருக்கிறார். நாலு பக்க விண்ணப்பம். படிப்பு, அனுபவம், கையாண்ட பையர்கள், வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: தற்போது பணிபுரியும் நிறுவனத்தில் உங்களைப் பற்றி விசாரிக்கலாமா? ஆம், இல்லை. அவர் பேனாவை நிறுத்தியிருக்கிறார். எதிரே இருந்த எச்.ஆர். பையன், "எல்லாரும் ஆம்னுதான் போடுவாங்க மேடம். ஆஃபர் லெட்டர் கொடுத்ததுக்கு அப்புறம்தான் கேப்போம்" என்றிருக்கிறான். இவர் ஆம் என்பதில் டிக் போட்டுவிட்டார். திங்கள்கிழமை பதினொன்றரைக்கு அலுவலக மின்னஞ்சல் திறக்கவில்லை. மத்தியானம் எம்.டி. அறைக்குக் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மாலையில் அந்த நாலு வரிக் கடிதம் வந்தது. புதிய நிறுவனமோ, இப்போதைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று குறுஞ்செய்தி அனுப்பி முடித்துக்கொண்டது.

ராஜினாமாவில் கையெழுத்துப் போடாமல் வந்ததுதான் அவர் எனக்குத் தந்த பெரிய உதவி. போட்டிருந்தால் மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை எங்கள் தலையில் ஏறியிருக்கும். அறையில் இருந்த நாலு பேரும் நிர்வாகத்து ஆட்கள். யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. இதன் 41-ஆம் பிரிவை நான் என் ஜூனியர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்குவதானால் விசாரணை வைத்து, அதில் பதிவான சாட்சியத்தின் பேரில் நீக்க வேண்டும். தொழிற்சாலையின் எழுத்துப்பணிப் பிரிவும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது பலருக்குத் தெரியாது. இயந்திரத்தில் நிற்பவருக்குத் தொழிற்சங்கம் இருக்கும். மாடியில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் தமக்குச் சட்டமே இல்லை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார். கோவையில் தொழிலாளர் துணை ஆணையர் முன் மேல்முறையீடு போட்டோம்.

எதிர்த் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. முதலாவது, மெர்ச்சன்டைசர் என்பவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. நிர்வாக நிலையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் மெர்ச்சன்டைசர் செய்கிற வேலை என்ன? பையரிடமிருந்து ஆடையின் விவரங்கள் அடங்கிய டெக் பேக் வந்தால் படித்துப் புரிந்துகொள்வது, லேப் டிப் அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, பட்டனும் லேபிளும் வந்து சேர்ந்ததா என்று துரத்துவது, உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் தைத்து அனுப்புவது, ஷிப்மென்ட் தேதிக்குள் எல்லாம் முடிந்ததா என்று நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடையாய் நடப்பது. அவர் யாருக்கும் லீவு தர முடியாது, ஆள் எடுக்க முடியாது, காசோலையில் கையெழுத்துப் போட முடியாது. தனக்கு அரை நாள் லீவு வேண்டுமென்றாலே மேனேஜரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி அவர் எழுதிக் கொடுத்த லீவுச் சீட்டுகளையே ஆவணமாகப் போட்டோம். அந்த வாதம் அதோடு நின்றது.

இரண்டாவது வாதத்தில் சாரம் இருந்தது. ஒரு மெர்ச்சன்டைசரின் கையில் பையரின் விலை இருக்கிறது, எந்தப் பீஸ் என்ன லாபத்தில் போகிறது என்று தெரியும், அவர் போட்டிக் கம்பெனிக்குப் போகப் போகிறார் என்று தெரிந்த பிறகு எப்படி நம்பி வைத்துக்கொள்வது? இந்தப் பயம் பொய்யல்ல. சீசன் நடுவில் மெர்ச்சன்டைசர் போய்விட்டால் ஷிப்மென்ட் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு முதலாளியின் தலையில்தான் விழும். திருப்பூரில் ஓர் ஆர்டரின் லாபம் முழுவதும் அப்படிக் கரைந்துபோவதை என் மற்றக் கட்சிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் பயத்துக்கு மருந்து வேறு இருக்கிறது. விலை விவரங்கள் உள்ள ஃபைலை அவர் பார்க்காதபடி செய்யலாம். போவதானால் நோட்டீஸ் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்கலாம். பொறுப்பை ஒப்படைக்க ஆள் போடலாம். நம்பிக்கை இழந்துவிட்டோம் என்ற ஒரு சொல்லை வைத்து எட்டு வருடத்தை ஒரு மாலையில் முடிக்க முடியாது. 1985-இல் சந்து லால் எதிர் பான் அமெரிக்கன் வேர்ல்ட் ஏர்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நம்பிக்கை இழப்பு என்று சொல்லி ஒருவரை நீக்குவது அவருடைய நடத்தைமீது களங்கம் சுமத்துவது, அப்படிச் சுமத்துவதானால் விசாரணை வேண்டும்.

மூன்றாவது வாதத்தைப் பெரிய துருப்பாக நினைத்து வைத்திருந்தார்கள். அவரே விசாரிக்கச் சொல்லி ஆம் போட்டிருக்கிறார், ஆகவே அவர் வேலையை விட மனத்தில் முடிவு செய்துவிட்டார், நாங்கள் நீக்கியதாகச் சொல்வதே தவறு என்றார்கள். அதற்கு ஆதாரமாக அந்த நாலு பக்க விண்ணப்பத்தின் நகலையே தாக்கல் செய்து எம்-4 என்று குறியீடு செய்தார்கள். அதில் டிக் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு வேறொன்று தெரிந்தது.

சாட்சிக் கூண்டில் அவர்களுடைய எச்.ஆர். மேனேஜர்.

"இந்த விண்ணப்பம் உங்கள் கம்பெனிக்குக் கொடுத்ததா?"

"இல்லை."

"பிறகு உங்கள் ஃபைலுக்கு எப்படி வந்தது?"

சற்று நேரம் பதில் இல்லை. துணை ஆணையர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம்.டி.க்கு வாட்ஸ்அப்ல வந்துச்சுங்க."

"யார் அனுப்பினார்கள்?"

"அந்தக் கம்பெனி ஓனர். ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க."

"என்றைக்கு?"

"அந்தத் திங்கக்கிழமை காலையில."

"பணிநீக்கக் கடிதம் எப்போது தட்டச்சானது?"

"அன்னிக்கு மத்தியானம்."

"இடையில் அவரிடம் விளக்கம் கேட்டு எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா?"

"இல்லைங்க."

"பையர் விவரம் எதையாவது அவர் வெளியே கொடுத்ததற்கு உங்களிடம் ஆதாரம் உண்டா?"

"ஆதாரம் இல்லைங்க. கொடுத்திருக்கலாம்னு சந்தேகம்."

இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. வேலை தேடியதைத் தவிர வேறு காரணமே இல்லை என்பதை அவர்களுடைய ஆவணமும் அவர்களுடைய சாட்சியுமே நிரூபித்துவிட்டன. நியாயமான காரணம் இல்லை, விசாரணை இல்லை, நோட்டீஸ் சம்பளமும் இல்லை என்று சொல்லிப் பணிநீக்கத்தைத் துணை ஆணையர் ரத்து செய்தார்.

ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது இன்னொரு கம்பெனி. நம்பி ஒரு பெண் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படம் எடுத்து, அவருடைய எதிர்பார்ப்புச் சம்பளத்தோடு சேர்த்து, அவருடைய முதலாளிக்கே அனுப்பிய கம்பெனி. அவர் ஆம் போட்டது விசாரிப்பதற்கு; விண்ணப்பத்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு அல்ல. "அவங்க மேல கேஸ் போட முடியாதுங்களா சார்?" என்று அவர் பலமுறை கேட்டார். நியமனக் கடிதமே வராத இடத்தில் வேலை ஒப்பந்தம் என்று ஒன்றில்லை. அவதூறாகவும் அவர்கள் எதுவும் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார்கள். எச்.ஆர். பையன் வாயால் தந்த உறுதி எந்தத் தாளிலும் இல்லை. பின்னால் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்து, சுதந்திரமாகத் தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. 2025 நவம்பரில்தான் அதற்கு விதிகள் வந்தன. நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்குச் சம்மதமே வேண்டாம் என்று 7-ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கு, இன்னும் வேலைக்கே எடுக்காத ஒருவரின் விண்ணப்பத்தைக் கைமாற்றுவதற்குப் பொருந்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாராவது ஒருவர் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு விதம். அங்கே வேறு பணிக்கு உரிய வழியில் மேலதிகாரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தடையின்மைச் சான்று கேட்டு வாங்க வேண்டும். மேலதிகாரிக்குத் தெரிவது அங்கே நடைமுறை. தெரிந்தது என்பதற்காக மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. தனியாரில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல், முதலாளிக்குத் தெரிந்துவிடுவது மட்டும் நடக்கிறது. விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் ஆம் போடுகிறவர், தாம் போகப்போகும் செய்தி முதலாளிக்கு எந்த நாளில், யார் வாயால் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு எழுதவேண்டிய வாக்கியத்தையே சொல்லிவிடுகிறேன்: "நியமனக் கடிதம் கிடைத்து, நான் ராஜினாமா கொடுத்த பிறகு விசாரிக்கலாம்." இல்லை என்று மட்டும் போட்டால் எதையோ மறைப்பதாகத் தோன்றும் என்று பயப்படுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கத் தெரிந்த எந்த எச்.ஆரும் அப்படி நினைக்க மாட்டார். அனுபவத்தைச் சரிபார்க்க சம்பளச் சீட்டு இருக்கிறது, படிவம் 16 இருக்கிறது, மாதம் தவறாமல் கட்டிய பி.எஃப். பாஸ்புக் இருக்கிறது, முன்பு வேலை பார்த்த இடத்து மேலாளர் இருக்கிறார். இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். நியமனக் கடிதத்திலேயே "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். பழைய இடங்களையும் சான்றிதழ்களையும் முதலில் சரிபார்த்து முடித்துவிட்டு, இப்போதைய நிறுவனத்தை மட்டும் விடுவிப்புக் கடிதத்துக்குப் பின் பார்க்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு ராஜினாமா கொடுப்பது நல்லது.

நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. பணிநீக்கம் ரத்தாகியிருந்தாலும் இடைக்காலச் சம்பளத்தைக் கணக்கிட்டு வாங்க நாங்கள் தொழிலாளர் நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. காலம் போய்க்கொண்டே இருந்தது. அவர் வீட்டுக் கடன் தவணை தவறி நகையை அடகு வைத்திருந்தார். திரும்ப அந்த அலுவலகத்து மாடிப்படி ஏறவும் அவருக்கு மனமில்லை. சமரசம் பேசினோம்.

பணத்தில் இரு தரப்பும் சீக்கிரமே ஒரு தொகைக்கு வந்துவிட்டன. ஒரே ஒரு ஷரத்தில்தான் பேச்சு இழுத்தது. என் கட்சிக்காரர் அதில் விட்டுக்கொடுக்க மறுத்தார்: பணிநீக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் தர வேண்டும், இனி எந்த நிறுவனம் தொலைபேசியிலோ எழுத்திலோ விசாரித்தாலும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றை மட்டுமே சொல்ல வேண்டும். யார் வந்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி, ஊரில் தெரிந்தவர் கேட்டால் என்ன சொல்வது என்று முதலாளி சங்கடப்பட்டார். "தெரிஞ்சவர் கேட்டதாலதானுங்களே இவ்வளவும் ஆச்சு" என்றார் அந்தப் பெண். அதற்குப் பிறகு முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. ஷரத்தை மீறினால் கூடுதலாக ஒரு தொகை என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்தானது.

சில மாதங்கள் கழித்துக் கோவையில் ஒரு நிறுவனம் அவரை எடுத்தது. அவர்கள் சரிபார்ப்புக்கு அனுப்பிய மின்னஞ்சலில் விலகியதற்கான காரணம், மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. பழைய நிறுவனத்திலிருந்து தேதி இரண்டும் பதவியும் மட்டும் பதிலாகப் போயிருக்கிறது. அதன் நகலை அவர் எனக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் வேலையில் சேர்ந்துவிட்டார்.