பெட்டியில் இருந்த டிசைன்

ஃபேஷன் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது கைப்பேசி நிறையப் படத்தோடு வருகிறார்கள். "ரிசர்ச் முடிஞ்சுது மேடம்." நான் சிரித்துக்கொள்வேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு சேலைக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த நானும் இதே ரகம்தான். கைப்பேசிக்குப் பதில் கிராஃப் நோட்டு.

என்னைக் காஞ்சிபுரத்துக்கு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. எதிர்ப்பக்கக் கரைக்கு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். உடல் ஊடையும் கரை ஊடையும் வரிக்கு வரி கோத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் எங்கே பார்த்தேன்? என் நோட்டை எப்போது காட்டலாம் என்றுதான் துடித்தேன்.

காட்டினேன். ஒரு கரை அரக்கு, மறுகரை பச்சை. உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை! தறிக்காரரின் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துவந்து பாயில் விரித்தார். ஒரு கரை அரக்கு, மறுகரை பச்சை. "கங்கா ஜமுனா. என் கல்யாணத்துக்கு எடுத்ததும்மா." என் புது டிசைனுக்குப் பேரன் பேத்தியே பிறந்துவிட்டிருந்தது.

அந்தச் சேலையை அன்று சாயங்காலம்வரை புரட்டினேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு கோடு கோடாக இற்றிருந்தது. கரையும் உடலும் சேர்கிற இடத்தில் மட்டும் ஓர் இழை விடவில்லை. "ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வெச்சுட்டேன், அதான்" என்றார் பாட்டி. தறிக்காரர் என் நோட்டில் இருந்த கொடி டிசைனை வாங்கி, பென்சில் முனையால் கட்டங்களை எண்ணிக்கொண்டே போனார். "குறுக்கே ஒரு வரிக்குத் தறியில மாட்ட ஓர் அட்டை குத்தணும் பாப்பா. இந்தக் கொடி எப்ப முடியும்?" அவர் கேட்ட தொனியில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. இரண்டு இலையோடு கொடியை முடித்தேன். உண்மையில் அதுதான் பார்க்க நன்றாக இருந்தது.

புத்தகமும் மியூசியமும் வேண்டாம் என்பேனா? வேண்டும்தான். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கிற சேலை எங்கே உரசுகிறது என்று சொல்லாது. அதனால் வருகிற பிள்ளைகளை முதலில் வீட்டுக்கு அனுப்புகிறேன்: அம்மா ஆசையாக வாங்கிக் கட்டாமலே வைத்திருக்கும் சேலை எது, ஏன் என்று கேட்டுவரச் சொல்லி. போன வாரம் ஒரு பெண் கொஞ்சம் ஏமாற்றத்தோடு வந்தாள். "ஜரிகை இடுப்புல குத்துதாம் மேடம், அவ்வளவுதான்."

அதை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.