அரிசி வந்துச்சா அக்கா?

2022 மே மாதம் 18-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு அரிசிக் கப்பல் கிளம்பியதை டி.வி.யில் காட்டினார்கள். முதலமைச்சர் கொடியசைத்தார். 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. நான் ஹார்பரில் முப்பது வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவன். கிரேன் தூக்கும் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் எத்தனை மூட்டை என்று கோடு போட்டு எண்ணுவதுதான் வேலை. ரிட்டயர் ஆகி வள்ளூரில் வீட்டோடு இருந்தாலும் மூட்டையைப் பார்த்தால் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் சோபாவில் உட்கார்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி சிரித்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? நம்ம ஹார்பர், நம்ம அரிசி. அதுவும் போய்ச் சேருவது எனக்குத் தெரிந்த ஒருவரின் அடுப்புக்கு.

நெடுந்தீவு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990-ல் சண்டைக்குப் பயந்து கைக்குழந்தையோடு படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு கும்மிடிப்பூண்டி முகாமில் இருபது வருஷத்துக்கு மேல். மீஞ்சூரில் ஒரு தையல் கடைக்கு தினமும் யூனிட் ட்ரெய்னில் வந்து போவார். என் மனைவிக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆரம்பித்து, அப்படியே எங்கள் வீட்டு மனுஷி ஆகிவிட்டார். எங்கள் சமையலறைக்குள் சொதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். 2013-ல் கணவரோடு தீவுக்கே திரும்பிப் போய்விட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடம் கொழும்பு, கொட்டாஞ்சேனை.

அந்த ஜூன் மாதக் கடைசியில் போன் போட்டேன். இலங்கையில் பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை என்று கிடந்த நேரம்.

"அரிசி வந்துச்சா அக்கா?"

"வந்தது தம்பி. நல்ல அரிசி. சனம் சந்தோஷப்பட்டது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கட ரோலரும் வந்தது. உங்கட ஆக்களுக்குத் தடைக்காலம் முடிஞ்ச அடுத்த கிழமையே. இவர்ட வலையை அறுத்துக்கொண்டு போயிட்டுது."

ரோலர் என்று அவர்கள் சொல்வது நம் ஊர் விசைப்படகை, அதாவது டிராலரை. கடலின் அடிமடியைச் சுரண்டி வாரும் இழுவலை. நம் பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முடிந்ததும் படகுகள் கிளம்பும். சில எல்லை தாண்டும். அங்கே சின்னப் படகில் போய் வலை விரித்துவிட்டு விடியலில் எடுக்க வருபவனுக்கு வலை இருக்காது. 2017-ல் இலங்கை இந்த இழுவலை மீன்பிடிப்பையே சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை ஏட்டில் இருக்கிறது.

நான் என்ன பேசுவதென்று தெரியாமல் "அண்ணனுக்கு உடம்பு எப்படியிருக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

அன்றிலிருந்துதான் இந்த அன்பளிப்பு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஜோசப் நை என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு 'மென் சக்தி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். துப்பாக்கியைக் காட்டாமல், ஆளை நம் பக்கம் பிடிக்கவைப்பது. அவர் அதை எழுதிய புத்தகம் வந்ததும் 1990-ல்தான். அக்கா படகேறிய அதே வருஷம்.

இலங்கையை வைத்து மூன்று பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஒரு பக்கம் சீனா. இன்னொரு பக்கம் இந்தியாவும் ஜப்பானும் கூட்டாளிகள். கொழும்பில் நடந்தாலே தெரியும் என்பார் அக்காவின் மருமகன். பண்டாரநாயக்கா மாநாட்டு மண்டபம் 1973-ல் சீனா கட்டிக்கொடுத்தது. தாமரைத் தடாகம் என்கிற நாடக அரங்கமும் சீன உதவிதான். ரூபவாஹினி டி.வி. நிலையம் 1982-ல் ஜப்பான் கொடுத்தது. அதில் 'ஓஷின்' என்ற ஜப்பான் தொடர் ஓடியபோது சிங்கள வீடு, தமிழ் வீடு எல்லாம் அழுததாம். அக்கா அப்போது இளம்பெண். அந்தக் கதையை என் மனைவிக்குச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டினார். ஜப்பான் என்றால் அக்காவுக்கு இன்றைக்கும் அந்தச் சின்னப் பெண்தான் ஞாபகம் வருவாள், கார் கம்பெனி இல்லை.

நம் பங்கு? 1990 ஆம்புலன்ஸ். நம் 108 மாதிரி அங்கே 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வண்டி வரும். இந்தியா பணம் கொடுத்து 2016-ல் தொடங்கியது, 2018-ல் வடக்கு மாகாணத்துக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகத்துக்குப் பக்கத்தில் பெரிய கலாசார மையம் ஒன்றை இந்தியா கட்டிக்கொடுத்து 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். இப்போது அதற்குத் திருவள்ளுவர் பெயர்.

ஆனால் எனக்கு இந்த ஆட்டம் முழுசாகப் புரிந்தது ஊசியில்தான்.

2021 ஜனவரி 28-ம் தேதி இந்தியா 5 லட்சம் டோஸ் கோவிஷீல்டை இலங்கைக்கு இலவசமாக அனுப்பியது. கொழும்புப் பக்கம் முதலில் போட்டார்கள். அக்காவின் மகள் கொட்டாஞ்சேனையில் வரிசையில் நின்று முதல் டோஸ் போட்டுக்கொண்டு, கையைக் காட்டி எங்களுக்குப் படம் அனுப்பினாள். "மாமா, உங்கட ஊசி." எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம்.

மார்ச் 31-ல் சீனா 6 லட்சம் டோஸ் சினோபார்ம் அனுப்பியது. 5-க்கு 6! ஏலம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். ஏப்ரலில் நம் ஊரில் இரண்டாவது அலை. நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நமக்கே ஊசி இல்லை, ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அங்கே முதல் டோஸ் போட்டுக்கொண்டு இரண்டாவதுக்கு வழியில்லாமல் சுமார் 6 லட்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள். அவள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் வரும் காலை வணக்கம் மட்டும் சில வாரம் வரவில்லை. இதற்குள் சீன ஊசி விமானம் விமானமாக வந்து, தீவில் அக்காவும் அண்ணனும் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 31-ல் ஜப்பான் விமானம் வந்தது. கொண்டுவந்தது வேறு எதுவும் இல்லை, அதே அஸ்ட்ராஜெனெகா ஊசி. ஏழு லட்சத்துக்கு மேல். நாம் பாதியில் விட்ட இடத்தில் நம் கூட்டாளி வந்து நின்றார். அவளுக்கு இரண்டாவது ஊசி ஆகஸ்டில் போட்டார்கள். ஒரே குடும்பத்துக்குள் மூன்று நாடு! கைமாற்றாக வந்த உதவிதான் என்றாலும் ஜப்பானின் கையெழுத்து அதில் தனியாகத் தெரிந்தது. போட்டியாளரின் பாட்டில் நிறைந்து கிடந்த நாட்டில், நாம் தொடங்கிவைத்த ஊசி பொய்யாகிப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கூட்டாளி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க எப்போ என் பாத்திரத்தைக் கழுவினீங்க?" என்றாள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊசி இலவசமாகப் போய் இறங்கிய ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி தொடக்கத்தில், கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்துவதாக 2019 மே மாதம் போட்ட உடன்பாட்டை இலங்கை கைவிட்டது. பக்கத்திலேயே தெற்கு முனையம் சீன நிறுவனத்தின் கையில். கிழக்கு முனையத்தை வெளிநாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே ஹார்பர் தொழிலாளர் சங்கங்கள்தான் முன்னால் நின்றன. ஹார்பரில் வேலை பார்த்தவனாக எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எங்கள் பெர்த்தைத் தனியாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்றபோது நானும் கேட்டில் நின்று கோஷம் போட்டவன்தான். ஊசிக்கு நன்றி சொல்லலாம், அதற்காக பெர்த்தைக் கொடுத்துவிட முடியுமா?

கரன்ட் கதை இதைவிட நீளம். நெடுந்தீவில் டீசல் ஜெனரேட்டர் கரன்ட். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளி, காற்றாலை வைத்து மின்சாரம் தயாரிக்க 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு இலங்கை அனுமதி கொடுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சீனர்கள் வந்து உட்காருவதா என்று டெல்லி எதிர்த்தது. அந்த டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலையை நிறுத்திவைப்பதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. மாலத்தீவுக்குப் போகிறோம் என்றார்கள். 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா மானியமாகவே செய்துதருவதாகக் கையெழுத்தானது. கட்டும் ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான்.

நமக்குப் புரிகிறது. டெல்லி சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் அக்கா கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

"சண்டை பிடிக்கட்டும் தம்பி. ஆர் தந்தா என்ன, எங்களுக்கு வெளிச்சம்தானே வேணும்? மூண்டு வருஷம் ஒருத்தரும் தரேல்லையே."

இதைக் கேட்டபோது நான் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். எதிரே வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 1,500 மெகாவாட். அந்த மூன்று தீவையும் சேர்த்தாலும் இதில் ஒரு துளி தேவைப்படாது. இந்த வெளிச்சத்துக்கு எங்கள் பக்கம் கொடுத்த விலை வேறு. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழியிலும் அனல் மின் சாம்பல் படிந்து, இறால் தடவிப் பிழைத்தவர்கள் தடவ இடமில்லாமல் நிற்கிறார்கள். ஒரு கடலின் இரண்டு கரையிலும் மீன்காரனுக்குத்தான் முதல் அடி விழுகிறது.

அதே 2021 டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குச் சட்டை இல்லாமல் வேட்டி கட்டிப் போனார். பேப்பரில் படம் வந்தது. யாழ்ப்பாண நூலகத்துக்குப் புத்தகம், மீனவர்களுக்கு வலை. இந்தக் கடைசிப் பொருளைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்! நாம் அறுத்ததை அவர் கொடுக்கிறார். அரிசி கொடுத்தோம், ஆம்புலன்ஸ் கொடுத்தோம், பெரிய கட்டடம் கொடுத்தோம். 2022-ல் மட்டும் இந்தியா கடனும் உதவியுமாகக் கொடுத்தது சுமார் 400 கோடி டாலர். வேறு எந்த நாடும் அந்த வருஷம் அவ்வளவு செய்யவில்லை. அத்தனையையும் ஒரு இழுவலை ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

"உங்களுக்குச் சீன வலை கிடைச்சுதா?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"பதிஞ்சனாங்கள். எங்கட பேர் வரேல்லை."

நம் ஆட்கள் மேல் மட்டும் பழி போடவும் மனம் வரவில்லை. காசிமேட்டில் டிராலர் வைத்திருப்பவனின் கடன் எனக்குத் தெரியும். டீசல் கணக்கு தெரியும். நம் பக்கம் மீன் இல்லை என்பதும் தெரியும். ஆனால் கப்பல் கிளம்பும்போது கைதட்டிய நாம், அந்தப் படகு கிளம்பும்போதும் அதே கடலுக்குத்தான் போகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை. நான் நினைத்ததில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, அடுத்த வருஷம் ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மனைவிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு என்ன கொண்டுபோவது என்று வீட்டில் ஒரே விவாதம். புடவை என்கிறாள் அவள். நான் வலை என்றேன்.

"சும்மா கொண்டுபோனா போதாது. 'இந்தியாவின் அன்பளிப்பு'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க, போட்டோவுக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், சரி, இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பின்னால் அண்ணன் குரல் கேட்டது. என்ன மீனுக்கு, என்ன நூல், கண்ணு எத்தனை அங்குலம் என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் பழைய டாலி நோட்டில் குறித்துக்கொண்டேன். காசிமேட்டுக் கடையில் அந்த அளவு இப்போது இல்லையாம். வியாழக்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.